அச்சத்தின் சுவை: கோட்டயம் புஷ்பநாத்தும் எல்லைத் தமிழரும்

அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்கள் நான்கு என்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. பன்னூறு ஆண்டுகள் கடந்தும் இப்பகுப்புப் பழுதுபடவில்லை. மலையாளத் திகில் நாவலாசிரியர் ஒருவர் எல்லைப்புறத் தமிழர் இல்லங்களில் பெற்ற இடத்தை ஆராயப் புகும் நமக்கு இதுவே கைவிளக்காகின்றது.

1938-இல் பிறந்து 2018-இல் மறைந்த கோட்டயம் புஷ்பநாத் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். வார இதழ்களில் தொடர்கதைகளாக வெளிவந்து பெயர்பெற்ற அவருடைய நாவல்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. உள்நாட்டு மர்மங்களை அவிழ்க்கப் புஷ்பராஜ், அயல்நாட்டு மர்மங்களை அவிழ்க்க மார்க்சின் எனத் துப்பறிவாளர் இருவரைப் படைத்தார். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் உலவவிட்ட டிராகுலாவைக் கேரளத்துத் திண்ணைகளுக்கு அழைத்து வந்தோருள் அவர் முதன்மையானவர்.

தேவிகுளமும் உடும்பன்சோலையும் பீர்மேடும் 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவாகும் வரை கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே மலைத் தமிழருக்கு அவர் அயலூரார் அல்லர். பள்ளியில் மலையாளம் கற்ற பிள்ளைகள் அவரை மூலத்தில் படித்தனர். தமிழ் மட்டுமே அறிந்த பெரியோருக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் இருந்தன. போடிமெட்டும் குமுளியும் வழியாக மலைக்கும், வாளையாறும் கோபாலபுரமும் வழியாகச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளுக்கும் தமிழ் ஏடுகள் வந்துகொண்டிருந்தன. ஒரே கதையைத் தந்தை ஒரு மொழியிலும் மகன் மறுமொழியிலும் படிக்கும் அரிய வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

அக்கதைகள் ஈர்த்ததன் காரணம் யாது? மூடுபனி, தனித்த பங்களா, இரவில் ஆளற்ற மலைப்பாதை ஆகிய திகில் கதையின் களங்கள் தோட்டத்து மக்களுக்குக் கற்பனையல்ல. சன்னலைத் திறந்தால் தெரிபவை. யட்சியும் அவர்களுக்குப் புதியவள் அல்லள். பழையனூர் நீலியின் கதை தமிழகத்தில் வழங்கக் கள்ளியங்காட்டு நீலியின் கதை நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் வழங்குகின்றது. 1956-இல் மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்டன. நீலிக்கு எவரும் எல்லை வகுக்கவில்லை.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் விலங்கும் இறையும் தோட்டத் தொழிலாளரின் அன்றாட அச்சங்கள். தேயிலைக் காட்டில் யானை. லயத்தின் வாசலில் கங்காணி, அவருக்கு மேல் துரை. 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுள் புதைந்து எழுபது உயிர்கள் மாய்ந்தபோது, நான்கிலும் அடங்காத ஐந்தாவது அச்சத்தையும் கண்டோம். இவ்வச்சங்களுக்குக் கடைசிப் பக்கம் இல்லை. துப்பறிய வருவாரும் இல்லை. புஷ்பநாத் தந்தவை பெரும்பாலும் எஞ்சிய இரண்டு, அணங்கும் கள்வரும். அவற்றுக்கு முடிவு உண்டு. நூலை மூடினால் அச்சமும் அடங்கும். அடங்காத அச்சத்தோடு வாழ்ந்தவர் அடங்கும் அச்சத்தை விரும்பியதில் வியப்பென்ன?

இத்தகைய நூல்களை இலக்கியமன்று எனத் தள்ளுவோர் உளர். அவற்றின் நடையில் குறைகள் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆயினும் நாள் முழுதும் கொழுந்து பறித்த கைகள் மாலையில் ஒரு நூலை ஏந்தின என்பது நம் குடிகளின் வரலாறு. பிள்ளைகள் பிறமொழிவழிக் கல்விக்குச் சென்றுவிட்ட இல்லங்களில், தமிழ் எழுத்தோடு இருந்த தொடர்பு அறாமல் காத்தவற்றுள் இம்மெலிந்த ஏடுகளும் அடங்கும்.

ஆதலின் பரண்மீது கிடக்கும் அட்டை கிழிந்த நாவல்களைப் பழைய தாள் விலைக்கு எடைபோட்டு விற்றுவிடாதீர். அவற்றைச் சேர்த்து வைப்பதும், நம் முன்னோர் எவற்றைக் கண்டு அஞ்சினர், எவற்றைப் படித்து அஞ்சி மகிழ்ந்தனர் என்பதை அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைப்பதும் சங்கங்களின் கடமையாகும்.