அரங்கொளியும் உழைப்பும்: யாழ்ப்பாணக் கரையோர மேடைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் அண்ணாவிமாரைப் பற்றியும் ஏட்டுப் பிரதிகளைப் பற்றியும் நிறைய எழுதினர். ஆடியோரைப் பற்றியும் ஓரளவு எழுதினர். ஆடியோர் மீது வெளிச்சம் விழச் செய்தவரைப் பற்றி எழுதியோர் அரியர். நாடகம் பெரும்பாலும் இரவிலே நிகழ்ந்த ஒரு சமுதாயத்தில் இது சிறிய விடுபாடன்று. அவ்வொளியை யார், எவ்வகை உழைப்பினால், எவ்வகை ஆபத்தை ஏற்று வழங்கினர் என்பது உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவேயாகும்.

குருநகர், பாசையூர், கொழும்புத்துறை எனத் தொடரும் கடற்கரை, கத்தோலிக்க நாட்டுக்கூத்து வேரூன்றிய நிலம். விடிய விடிய ஆடப்பட்ட கூத்துக்குப் பந்தமும் எண்ணெய் விளக்குமே ஆதி ஒளி. நிலவுடைமைச் சமுதாயத்தில் பந்தம் சுற்றுவதும் பிடிப்பதும் சாதிவழி வந்த குடிமையாக இருந்தமையை நாம் மறத்தலாகாது. ஒளி வழங்கியவன் சபையின் கண்முன் நின்றான். ஆனால் அவன் கலைஞனாக எண்ணப்படவில்லை. பின்னர் வந்த பெற்றோமக்ஸ் சந்தையிலே வாங்கும் பொருள். இரவுத் தொழிலுக்குக் கடலில் எரிந்த விளக்கும் கூத்து மேடையில் தொங்கிய விளக்கும் ஒரே வகையின. காற்றழுத்தம் குறைந்து ஒளி மங்கினால், அரசன் கொலுவீற்றிருக்கையிலேயே ஒருவர் மேடையேறி விளக்கை இறக்கிப் பம்படித்துச் செல்வார். சபையோர் அதனை இடையூறாகக் கொள்வதில்லை.

மின்னொளி இவ்வுறவை மாற்றியது. மேலைநாட்டு அரங்கில் அதன் வருகை அச்சத்தோடு பிணைந்திருந்தது. 1881 டிசம்பர் 8 ஆம் திகதி வியன்னாவின் றிங் அரங்கில் வாயு விளக்கினால் மூண்ட தீ பல நூறு பேரைப் பலி கொண்டது. அதே மாதம் 28 ஆம் திகதி லண்டன் சவோய் அரங்கின் மேடை மின்னொளி பெற்றபோது, அதன் உரிமையாளர் டொயிலி கார்ட் எரியும் மின்குமிழ் ஒன்றைச் சபையோர் முன் உடைத்து, தீப்பற்றாது எனக் காட்டினார். அந்த உறுதிமொழி நெடுநாள் நிலைக்கவில்லை. 1903 டிசம்பர் 30 இல் சிக்காகோவின் இறொக்குவா அரங்கில் மின்வில் விளக்கொன்றின் பொறி திரைச்சீலையிற் பற்றி, 600 பேருக்கு மேல் மாண்டனர். மின்சாரத்தின் தன்மையை மட்டும் குற்றஞ்சாட்டுவது போதாது. வெளியேறும் கதவுகள் பல திறக்க இயலாதிருந்தன.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறிப்படுத்தலில் மட்டக்களப்பு வட்டக்களரிக் கூத்துப் படச்சட்ட மேடைக்கு வந்தது. ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியன அவ்வழியில் எழுந்தவை. சபை இருளில் அமர்ந்தது; மேடை மட்டும் ஒளிர்ந்தது; ஒளி வழங்குபவன் மறைவிடத்துக்குப் போனான். அதே காலப்பகுதியில், 1959 இல், கல்கத்தா மினர்வா அரங்கிலே உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், சுரங்கத்துட் புகும் வெள்ளத்தைத் தபஸ் சென் ஒளியினாலேயே காட்டினார். தொழிலாளரின் சாவை உணர்த்த ஒளி ஒரு மொழியாயிற்று. ஒளியமைப்பாளன் கலைஞனாக ஏற்கப்பட்டதும் இத்தகைய முயற்சிகளாலேயே. ஆயின் வயர் இழுப்பவனுக்கு அந்த ஏற்பு இன்றுவரை கிட்டவில்லை.

அவனுடைய ஆபத்தை அறிவதற்குச் சிறிது பௌதிகம் வேண்டும். நமது மின்வழங்கல் 230 வோல்ற்று. 1000 உவாற்று விளக்கொன்று ஏறத்தாழ 4.35 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மூன்று விளக்குகளை ஒரே 13 அம்பியர் பிளக்கில் மாட்டினால் எல்லை எட்டப்படும். நான்காவது விளக்கு அதனைக் கடக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வயரிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். எஞ்சிய வயரைச் சுருளாகவே விட்டுவிட்டால் அவ்வெப்பம் வெளியேறாது உறையை உருக்கும். விளக்குகளைப் பல சுற்றுகளாகப் பிரித்தலும், தடித்த வயரைப் பயன்படுத்தலும், சுருளை முழுதும் விரித்தலும் இதனாலேயே அவசியமாகின்றன.

கடற்கரை மேடைக்குத் தனிச் சிக்கல் உண்டு. உப்புக்காற்று செம்புக் கம்பியைப் பச்சையாக்கும். முறுக்கி நாடா சுற்றிய இணைப்பில் தடை கூடிச் சூடேறும். ஈரமணலில் வெறுங்காலுடன் நிற்பவனின் உடற்தடை ஏறத்தாழ 1000 ஓமாகக் குறையுமாயின், 230 வோல்ற்று அவனூடாக 230 மில்லியம்பியரைச் செலுத்தும். அதில் ஒரு சிறு பகுதியே இதயத்தைத் தடுமாறச் செய்யப் போதுமானது. அங்கு 15 அம்பியர் உருகி அசையாதிருக்கும். உருகி வயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. மனிதனுக்கெனச் செய்யப்பட்டது 30 மில்லியம்பியர் ஒழுக்கிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிச். அதனோடு ஒவ்வொரு விளக்கின் உலோகக் கூடும் புவித்தொடுப்புப் பெறவேண்டும். இன்று எல்.ஈ.டி. விளக்குகள் சுமையை வெகுவாகக் குறைத்துள்ளன. உலோகக் கூடும் ஈரமணலும் மாறவில்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோ வானொலியை இயக்கியது. நாடகங்கள் நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மின்பிறப்பாக்கிகள் மேடைக்கு ஒளி தந்தன. அத்தகைய பொறிக்கு வீட்டு இணைப்பின் புவித்தொடுப்பு தானே வந்துவிடாது; நிலத்தில் செம்புக் கோலடித்துப் பொறியின் நடுநிலைக் கம்பியை அதனோடு முறையாக இணைத்தாலன்றி ட்ரிப் சுவிச் தன் வேலையைச் செய்யாது. தட்டுப்பாட்டுக் காலத்தின் தற்காலிக வழக்கங்கள், மின்சாரம் மீண்ட பின்னும் நமது விழா மேடைகளிற் பழக்கமாக எஞ்சியுள்ளன என்றே நாம் கருதுகிறோம்.

விழாக் கணக்கை எழுதும்போது உடுப்பு வாடகையும் ஒலிபெருக்கி வாடகையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. வயருக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் தனி வரி நாம் பார்த்த கணக்குகளில் இல்லை. அவற்றை இழுத்துக் கட்டும் இளைஞர் பெரும்பாலும் ஊரவர், கூலி பெறாதவர். விடிந்தபின் பனியில் நனைந்த வயரைச் சுருட்டுபவர்களும் அவர்களே. பிரதான ஆளியை நிறுத்தியாயிற்றா என்பதை அவ்வேளையில் அவர்களிடம் கேட்பதற்குச் சபையில் எவரும் இருப்பதில்லை.