காடு காலியாக இருக்கவில்லை

"காட்டை அழிச்சு இந்த நாட்டை உருவாக்கினோம்." மலேசியத் தமிழர் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வரி. நெகிரி செம்பிலான் எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கும் அது மனப்பாடம். அதில் உழைப்பு இருக்கு, வலி இருக்கு. ஆனா அந்தக் காட்டுக்குள்ளே யார் இருந்தாங்க என்ற கேள்வி இல்லை. ஃபேன்டஸி நாவலின் வரைபடம்கூட எந்த வனத்தில் எந்த இனம் வாழ்கிறது என்று குறித்துவிடும். நம்ம தோட்ட வரலாறு அதைச் செய்வதில்லை.

முதலில் நிலம். தித்திவங்சா மலைத்தொடர் நெகிரி செம்பிலானுக்கு வந்து தணிகிறது. ஜெம்போல் வட்டாரத்தில் இரண்டு ஆறுகள் மிக நெருங்கி வருகின்றன. ஜெம்போல் ஆற்றுத் தண்ணீர் மூவார் வழியே மலாக்கா நீரிணைக்குப் போகும். செர்திங் ஆற்றுத் தண்ணீர் பகாங் வழியே தென்சீனக் கடலுக்கு. இடையில் இருந்த மேட்டில் படகை இழுத்துக்கொண்டு போவாங்க. அதனால் அந்த வழிக்குப் பெயர் பெனாரிக்கான். மலாயில் 'தாரிக்' என்றால் இழு. 1511இல் மலாக்கா விழுந்தபோது சுல்தான் மஹ்மூட் பகாங்குக்குப் போனதும் இவ்வழியாகத்தான் என்பார்கள். ஆக, அது மனுஷன் புகாத காடு இல்லை.

அங்கே தெமுவான், செமெலாய் மக்கள் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். தெமுவான் பேச்சு மலாய்க்கு நெருக்கமானது. செமெலாய் மொழியோ இந்தியாவின் சந்தாலி, முண்டாரி இருக்கும் ஆஸ்ட்ரோஆசியக் குடும்பம். சுமத்ராவிலிருந்து மினாங்கபாவ் மக்கள் தாய்வழி முறையோடு வந்தார்கள். இங்குள்ள பிடுவாண்டா குலம் பூர்வகுடிப் பெண்களின் வழியில் வந்தது என்பது அவர்களுடைய மரபு.

காட்டு மக்கள் பிரம்பும் பிசினும் ஜெலுத்தோங் மரப்பாலும் எடுத்து விற்றார்கள். நம்ம ஆளுங்க மங்கு கட்டிப் பால் வெட்ட வருவதற்கு முன்பே இந்தக் காட்டில் பால் வியாபாரம் நடந்திருக்கு. ரப்பரின் தாயகம் அமேசான். 1876இல் விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டனில் முளைத்து, 1877இல் கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன.

எதை இழந்தோம் என்று பார்க்க ஜெலெபு மாவட்டத்தின் பாசோ காட்டுக்குப் போகலாம். அங்கே ஆய்வுக்காக அளந்த 50 ஹெக்டேரில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள். எஸ்டேட்டில் நிரை நிரையாக ஒரே மரம். அதையும் நாம 'பால்மரக் காடு' என்றுதான் சொல்றோம்.

1948இல் அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுக்க லயன்களைச் சுற்றி வேலி போட்டார்கள். பூர்வகுடிகளையும் காட்டிலிருந்து கிளப்பி முகாம்களில் வைத்தார்கள். இரண்டு மக்களையும் ஒரே கை அடைத்தது.

பக்கத்து சிலாங்கூரில், டெங்கிலுக்கு அருகே, விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் நிலம் எடுக்கப்பட்டது. பழமரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், மண்ணுக்கு இல்லை. சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்ததால் மண்ணும் அவர்களுடையதே என்று 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது.

எஸ்டேட் விற்கப்பட்டு லயனை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புரியும். மூணு தலைமுறை உழைத்த இடம், கையில் பட்டா இல்லை. நம்ம உழைப்பைச் சொல்லி உரிமை கேட்பது நியாயம்தான். அதே நியாயத்தில் தெமுவானுக்கும் செமெலாய்க்கும் நமக்கு முன்னால் ஒரு பங்கு இருக்கு. மேடையில் அடுத்த முறை அந்த வரியைச் சொல்பவர்கள், அது யாருடைய காடு என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.