நஞ்சுக்கு யார் கணக்கு?

தங்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் கோலாரில் கிடைத்தது என்பார் வீட்டுப் பெரியவர். இப்போது நகைக்கடையில்தான் கிடைக்கிறது, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்பாள் வீட்டு அம்மாள். 1980-களில் ஜப்பான் தேசத்தில் நான்ஜோ மிச்சியோ என்ற பேராசிரியர் இதற்கு மூன்றாவதாக ஒரு பதில் சொன்னார். நாம் வாழும் நகரமே ஒரு சுரங்கம் என்றார் அவர். நாம் கழித்துப் போடும் ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் செம்பும் வெள்ளியும் தங்கமும் மறைந்திருக்கின்றன அல்லவா? அதற்கு 'நகரச் சுரங்கம்' என்றே பெயர் வைத்தார்கள்.

பேச்சு வேடிக்கையாக இருக்கலாம், கணக்கு வேடிக்கையல்ல. ஒரு டன் தாதுக் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். அதே ஒரு டன் பழைய கைப்பேசிகளில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. ஜப்பானில் இப்படிச் சேர்ந்து கிடக்கும் பொருள்களில் 6,800 டன் தங்கம் இருக்கும் என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் 2008-ஆம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். உலகம் முழுவதும் பூமிக்கடியில் எஞ்சியிருந்த தங்கத்தில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

தங்கம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அதை எடுப்பது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடினால், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துயரக் கதையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

டோக்கியோவுக்கு வடக்கே அஷியோ என்ற மலையூரில் ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. 1877-இல் ஃபுருகாவா இச்சிபெய் என்ற வியாபாரி அதை வாங்கினார். அதன் பிறகு செம்பு பெருகிற்று, செல்வமும் பெருகிற்று. ஆனால் உருக்கும் உலையின் புகை பட்டு மலையிலிருந்த மரங்கள் கருகின. மரம் போனதும் மண் சரிந்தது, வெள்ளம் வந்தது. சுரங்கத்தின் நஞ்சு வதராசே நதியில் கலந்து கீழ்நாட்டு வயல்களில் படிந்தது. மீன் மிதந்தது, நெற்பயிர் பட்டுப்போயிற்று. செம்பு எடுத்தவர் ஒருவர்; அதற்கு விலை கொடுத்தவர்கள் எங்கேயோ தொலைவிலிருந்த குடியானவர்கள்.

அந்தக் குடியானவர்களுக்காக வாய் திறந்தவர் தனக்கா ஷோஸோ. 1890-இல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மறு ஆண்டே இந்த விஷயத்தைச் சபையில் கிளப்பினார். பத்து ஆண்டுகள் பேசிப் பேசிச் சலித்துப்போய்ப் பதவியையே உதறினார். 1901 டிசம்பர் 10-ஆம் தேதி, சக்கரவர்த்தி மெய்ஜியின் வண்டி வீதியில் வந்தபோது, கையில் மனுவுடன் குறுக்கே ஓடினார். காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். பித்துப் பிடித்தவர் என்று சொல்லிப் பிறகு விட்டுவிட்டார்கள். 1913-இல் அவர் இறந்தபோது உடன் இருந்த பையில் பைபிளும் அரசியல் சட்டமும் நாட்குறிப்பும் சில கூழாங்கற்களும் இருந்தன. ஆஸ்தி என்று வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனைக்கூட வெட்கப்பட வைத்துவிடும். 2014-இல் மெய்ஜியின் கொள்ளுப் பேரரான சக்கரவர்த்தி அகிஹித்தோ, தனக்காவின் சொந்த ஊர்ப் பக்கம் போனபோது அந்த மனுவைப் பார்த்தார். சக்கரவர்த்தியின் பார்வைக்கு வந்து சேர அந்தக் காகிதத்துக்கு 113 ஆண்டுகள் பிடித்தன!

இனி வடக்கே, அகிதா மாகாணத்துக்குப் போவோம். அங்கே கொசக்கா என்ற சுரங்க ஊர். 1861-இல் அங்கே தாது கண்டார்கள். வெட்ட வெட்ட வெள்ளியும் செம்பும் வந்தன. 1910-இல் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய நாடகக் கொட்டகை இன்னும் நிற்கிறது. இங்கும் புகை குன்றுகளை மொட்டையடித்தது. பிற்காலத்தில் அந்தக் குன்றுகளில் வெண்மலர் பூக்கும் மரங்களை நட்டார்கள். இன்று அந்தப் பூவுக்கு ஊரே விழா எடுக்கிறது.

கொசக்காவின் தாதுவில் ஒரு விசேஷம் உண்டு. செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி, தங்கம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கருந்தாது அது. அதைப் பிரித்தெடுக்கும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் கற்றது. 1990-இல் சுரங்கம் மூடப்பட்டது. வித்தை மட்டும் வீணாகவில்லை. பழைய கம்ப்யூட்டரின் பச்சைப் பலகையும் ஒரு வகைக் கருந்தாதுதானே! அதை உருக்குவதற்கென்றே ஒரு புதிய உலை 2008-இல் அங்கே இயங்கத் தொடங்கியது.

முதலில் பொருளைப் பிரித்து பாட்டரியைத் தனியே எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். பலகைகளை நறுக்கி உலையில் இடுவார்கள். உருகிய உலோகம் தங்கத்தையும் வெள்ளியையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிறகு செம்பை மின்சாரத்தால் சுத்தப்படுத்தும்போது, தொட்டியின் அடியில் படியும் சேற்றில் தங்கமும் வெள்ளியும் தங்கும். பிளாஸ்டிக் எரிந்து எழும் புகையைக் கடும் வெப்பத்தில் எரித்து, சட்டென்று குளிரவைத்து, கழுவி வடிகட்டிய பிறகே வெளியே விடுவார்கள். இதில் செலவு பிடிக்கும் பாகம் தங்கம் எடுப்பது மட்டுமல்ல, புகையைக் கழுவுவதும்தான். தனக்கா கேட்டதும் அதைத்தானே?

புகையைக் கழுவாமல் தங்கத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊரை 2002-ஆம் ஆண்டில் உலகம் அறிந்துகொண்டது. அமெரிக்காவும் மற்றப் பணக்கார நாடுகளும் கழித்த கம்ப்யூட்டர்கள் அங்கே மலைமலையாய்க் குவிந்தன. கரி அடுப்பின்மேல் பலகையை வாட்டி ஈயத்தை உருக்கினார்கள். ஆற்றங்கரையில் அமிலத் தொட்டியில் முக்கித் தங்கம் எடுத்தார்கள். குடிதண்ணீரை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டியதாயிற்று. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை டாக்டர்கள் கண்டார்கள். 2015 வாக்கில் அந்தப் பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே சேர்ந்த நஞ்சு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுந்து போகுமா?

அபாயக் கழிவை ஏழை நாட்டின் வாசலில் கொட்டுவதைத் தடுக்க 1989-இலேயே பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். 1992-இல் அது அமலுக்கு வந்தது. மின்னணுக் கழிவு எதுவானாலும், பெறும் நாட்டின் சம்மதமில்லாமல் அனுப்பக்கூடாது என்ற விதி 2025 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. தனக்காவின் மனுவைப் போல இதுவும் நடந்தே வந்தது போலும்!

ஜப்பானில் 2001 முதல், டெலிவிஷனையோ குளிர்ப்பெட்டியையோ கழிப்பவர் மறுசுழற்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதைச் செய்தவர் திரும்பப் பெற்றுப் பிரிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2017 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை ஜனங்கள் கொடுத்த சிறு சாதனங்கள் 78,985 டன். கைப்பேசிகள் மட்டும் 62 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து வந்த 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் ஏறக்குறைய 5,000 பதக்கங்களாயின. வீரர்களின் கழுத்தில் மின்னிய அந்தத் தங்கத்தால் ஆற்றங்கரையில் ஒரு குழந்தையும் நோய்ப்படவில்லை என்றால், அதுவே பெரிய வெற்றி.

2022-இல் உலகம் கழித்த மின்னணுப் பொருள்கள் 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகள், உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. மறுசுழற்சி செய்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே, மேஜை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியைக் கொடுக்கும்போது, எத்தனை ரூபாய் தருவீர்கள் என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இதை எங்கே கொண்டு போவீர்கள்? தங்கத்துக்குக் கணக்கு வைக்க எப்போதும் ஆள் உண்டு. நஞ்சுக்குக் கணக்குக் கேட்பவர்கள்தாம் குறைவு.