பெருவிரல் மாற்று விசைப்பலகை

பெருவிரல் மாற்று விசைப்பலகை என்பது ஜப்பானிய மொழியைத் தட்டச்சு செய்வதற்காக புஜிட்சு நிறுவனம் உருவாக்கிய விசைப்பலகைத் தளக்கோலம் ஆகும். ஜப்பானியத்தில் இது ஓயயுபி ஷிப்ட் எனப்படும். 'ஓயயுபி' என்ற சொல் பெருவிரலைக் குறிக்கும். அதன் நேர்ப்பொருள் 'பெற்றோர் விரல்'.

பின்னணி

ஜப்பானிய மொழி ஹிரகனா, கத்தகனா என்னும் அசையெழுத்துகளாலும் காஞ்சி என்னும் சீன வழி எழுத்துகளாலும் எழுதப்படுகிறது. ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளுக்குத் தனித்தனி விசை வைக்க இயலாது. எனவே ஒலிப்பைத் தட்டச்சு செய்து, பின் காஞ்சியாக மாற்றும் முறை தோன்றியது. 1978-இல் தோசிபா அறிவித்த ஜேடபிள்யூ-10 என்ற சொற்செயலி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஒலிப்பை உள்ளிடுவதில் சிக்கல் நீடித்தது. தரப்படுத்தப்பட்ட கனா தளக்கோலத்தில் எழுத்துகள் நான்கு வரிசைகளில் பரவியிருந்ததால், மேல் வரிசை வரை விரல்களை நீட்ட வேண்டியிருந்தது. உரோமன் எழுத்துகளால் உள்ளிட்டால் மூன்று வரிசை போதும். ஆனால் தட்டல்கள் கூடும். மூன்று கனா எழுத்துகள் கொண்ட 'சகுரா' என்ற சொல்லுக்கு ஆறு தட்டல்கள் தேவை.

அமைப்பு

புஜிட்சுவின் கண்டா யாசுனோரி தலைமையிலான குழு இதற்குத் தீர்வு கண்டது. 1980-இல் வெளிவந்த ஓயாசிஸ் 100 சொற்செயலியில் அது இடம்பெற்றது. வழக்கமாக இடைவெளி விசையை மட்டும் தட்டும் பெருவிரல்களுக்கு இரண்டு மாற்று விசைகள் தரப்பட்டன. ஒரு விசையைத் தனியே தட்டினால் ஓர் எழுத்தும், அதே கைப் பெருவிரலுடன் சேர்த்துத் தட்டினால் வேறோர் எழுத்தும், எதிர்க்கைப் பெருவிரலுடன் தட்டினால் முதல் எழுத்தின் அதிரொலி வடிவமும் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஆங்கில எஸ் இருக்கும் விசை இவ்வாறு முறையே ஷி, அ, ஜி ஆகியவற்றைத் தரும். இதனால் கனா எழுத்துகள் மூன்று வரிசைகளுக்குள் அடங்கின. 'சகுரா'வுக்கு மூன்று தட்டல்களே போதும்.

பரவலும் வீழ்ச்சியும்

1980களில் ஓயாசிஸ் சொற்செயலிகள் பரவலாக விற்பனையாயின. நாள் முழுதும் எழுதுவோர் இத்தளக்கோலத்தைப் பெரிதும் விரும்பினர். பின்னர் சொற்செயலிகளின் இடத்தைக் கணினிகள் பிடித்தன. அவற்றின் பொது விசைப்பலகைகளில் பெருவிரல் விசைகள் இல்லை. ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் ஒரே தளக்கோலம் போதும் என்பதால் பெரும்பாலோர் உரோமன் முறையையே கற்றனர். பள்ளிகளும் அதையே கற்பித்தன. அரசின் தரநிலையாக 1986-இல் வந்த 'புதிய ஜிஸ்' தளக்கோலமும் ஆதரவின்றி 1999-இல் கைவிடப்பட்டது.

தளக்கோலத்தை மாற்றுபவர் பழகும்வரை வேகத்தை இழக்கிறார். பழகிய பின்னும் அடுத்தவர் கணினியில் அது இருக்காது. வேகமான முறை என்பது மட்டும் ஒரு தளக்கோலம் நிலைக்கப் போதாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

புஜிட்சு 2021-இல் இவ்விசைப்பலகைகளின் விற்பனையை நிறுத்தியது. எனினும், இடைவெளி விசையின் இருபுறமும் உள்ள காஞ்சி மாற்ற விசைகளைப் பெருவிரல் விசைகளாகச் செயல்பட வைக்கும் மென்பொருள்களின் துணையுடன், சாதாரண ஜப்பானிய விசைப்பலகைகளிலேயே இம்முறையைத் தொடர்வோர் உள்ளனர்.