செம்பு எஞ்சினின் காய்ச்சல்

ரேடியேட்டர் வைத்த காரில் எஞ்சின் சூடேறினால் நமக்குத் தெரிந்துவிடும். நீர் கொதிக்கும்; மூடியோரம் ஆவி சீறும். 1910களில் அந்த மூடியின் மீதே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, அதைப் பார்த்தபடி வண்டி ஓட்டியவர்கள் பலர். நீரே இல்லாத எஞ்சினில் இந்த அடையாளங்கள் எவையும் கிடையா. ஜெனரல் மோட்டார்ஸின் செம்பு எஞ்சினைப் பற்றிப் படிக்கும்தோறும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுவே.

1912ஆம் ஆண்டின் காடிலாக்குக்கு மின் ஸ்டார்ட்டரைத் தந்த சார்லஸ் கெட்டரிங்குக்கு, ரேடியேட்டரும் குழாய்களும் வீண் சுமையாகத் தோன்றின. பனிக்காலத்தில் நீர் உறைந்து எஞ்சினையே பிளக்கும் நாட்டில் இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. காற்றால் குளிரும் கார்களை ஃபிராங்க்ளின் நிறுவனம் 1902 முதலே விற்றுவந்தது. கெட்டரிங் புதிதாகச் செய்தது, இரும்புச் சிலிண்டரின் மேல் செம்புத் தகடுகளைப் பற்றவைத்தது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு இரும்பைவிடப் பன்மடங்கு வல்லது. விசிறிக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு.

டேட்டனில் இருந்த ஆய்வகத்தில் வண்டி ஓடியது. 1921 நவம்பரில் ஓக்லண்ட் பிரிவின் சோதனையில் தோற்றது. தம் படைப்பைப் பிரிவுப் பொறியாளர்கள் விரும்பவில்லை, அதனால்தான் தோற்றது என்று கெட்டரிங் கருதினார். தலைவர் பியர் டு பான்ட் அவர் பக்கம் நின்றார். 1923 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் செம்பு எஞ்சின் ஷெவர்லே வந்து நின்றது.

அவ்வாண்டு மே மாதம் பிரிவுப் பொறியாளர்கள் எஞ்சினை ஆராய்ந்து சொன்னது கவனிக்கத்தக்கது. குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறும்வரை அதன் திறனில் குறையில்லை. சூடான பின்னரோ அழுத்தமும் இழுவையும் சரிந்தன. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் என்ற மிதமான காற்றிலும் முன்கூட்டியே எரிந்தது. பொறி பறக்குமுன், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஏதோவொரு புள்ளி பெட்ரோல் கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. மேலேறும் பிஸ்டனை அந்த எரிப்பு எதிர்த்துத் தள்ள, சூடு இன்னும் கூடுகிறது. சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தவரும் நெடுந்தூரம் ஓட்டியவரும் வெவ்வேறு வண்டியைப் பற்றிப் பேசியதுபோல் பேசியதில் வியப்பில்லை.

தயாரானவை 759. அவற்றுள் 239ஐத் தொழிற்சாலையே உடைத்துப் போட்டது. வாடிக்கையாளர் கைக்குச் சென்றவை நூறளவே. ஜூனில் அனைத்தையும் திரும்ப அழைத்தார்கள். கெட்டரிங் பதவி விலக முன்வந்தார்; புதிய தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடவில்லை.

ஸ்லோன் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் இதை ஆய்வகத்துக்கும் பிரிவுகளுக்கும் இடையிலான பூசலாகவே எழுதினார். நிர்வாகவியலார்க்கு உவப்பான வாசிப்பு அது. பூசல் மெய்தான். ஆனால் அந்தக் கதையில் உலோகத்தின் முறையீடு அமுங்கிவிடுகிறது என்பது எங்கள் எண்ணம். காற்றுக் குளிர்விப்பு நடவாத காரியமன்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அதை நம்பியே 2003 வரை தயாரிப்பில் இருந்தது. அங்கே சிலிண்டரின் தலை இலேசான உலோகக் கலவை. எண்ணெயையும் தனியே குளிர்வித்தார்கள். கெட்டரிங்குக்குத் தேவைப்பட்டது சாலையில் இன்னும் சில கோடைகள். விற்பனைத் தேதி அதைத் தரவில்லை.

அந்த ஷெவர்லேக்களில் எஞ்சியவை மிகச் சில. ஒன்று டியர்பார்னில், போட்டியாளரான ஹென்றி ஃபோர்டின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.