பார்ப்பதே வேலை: செம்பவாங்கின் ஆஸ்டர் விமானங்கள்

"சார், குண்டு போடாத விமானத்துக்குப் போர்ல என்ன வேலை?" என்று ஒரு மாணவர் கேட்டார். பார்ப்பதுதான் வேலை.

பிரிட்டனின் 656ஆம் வான் கண்காணிப்புப் படைப்பிரிவு 1942 இறுதியில் உருவானது. பர்மாப் போரில் பறந்து, 1945இல் மலாயா வந்தது. 1947இல் கலைக்கப்பட்டு, 1948இல் நம்ம செம்பவாங்கில் மறுபடியும் உருவானது. ஆஸ்டர் சின்ன விமானம், வேகமும் குறைவு. ஓட்டியவர்கள் பீரங்கிப்படை அதிகாரிகள், பராமரித்தவர்கள் விமானப்படையினர்.

மலாயா அவசரகாலத்தில் (1948–1960) காட்டுக்குள் கெரில்லாக்களின் முகாம்களை மட்டுமல்ல, அவர்கள் பயிரிட்ட இடங்களையும் தேடினார்கள். பயிர் தெரிந்தால் ஆள் இருப்பது தெரியும். பயிர் அழிந்தால் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை.

அப்போ, வெறுமனே பார்ப்பது தீங்கில்லாததா? உயர்நிலை 3 வகுப்பில் கேட்டுப் பாருங்க. 'கண்காணிப்பு', 'வேவு' இரண்டும் ஒன்றா என்ற சொல்விவாதமும் கூடவே வரும்.