கஞ்சிப்பாசி கெட்டிப்பட்ட கதை

புதுச்சேரி நகரின் வடபகுதியிலுள்ள கருவடிக்குப்பத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் கடல் வந்துவிடும். ஆயினும் அவ்வூர் மளிகைக் கடையில் 'கடற்பாசி' என்றும் 'சைனா கிராஸ்' என்றும் விற்கப்படும் வெண்ணிற இழைகள் அக்கரையில் விளைந்தவை அல்ல. பாசி பற்றி வளரப் பாறையோ பவளத்திட்டோ வேண்டும். புதுச்சேரிக் கரை இயல்பில் மணற்கரை. தமிழகத்தின் பாசி வளம் பெரும்பாலும் தெற்கே, மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

அந்த வெண்ணிற இழைதான் அகர். சிவப்புப் பாசிகளின் உடலிலுள்ள பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. நூறு பங்கு நீரில் ஒன்றரைப் பங்கு அகரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் முழுவதும் இறுகிக் களியாகிவிடும். 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த தம் கணவருக்கு, பாக்டீரியா வளர்க்க அகரைப் பயன்படுத்துமாறு யோசனை கூறினார். அதுவரை பயன்பட்ட ஜெலட்டின் உடல் வெப்பநிலையில் உருகியது; அகர் உருகவில்லை. அன்று முதல் நோய்க்கிருமி ஆய்வுக்கு அகர் இன்றியமையாததாயிற்று.

உலகுக்கு வேண்டிய அகரில் மிகப் பெரும்பகுதியை ஜப்பானே அளித்து வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் வரத்து நின்றது. மருத்துவ ஆய்வுக்கூடங்கள் திகைத்தன. ஒவ்வொரு நாடும் தன் கடலைத் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் அகர் தயாரிப்பது பற்றி போஸ், கரிமுல்லா, சித்திக்கி ஆகிய மூவர் 1943இல் கட்டுரை வெளியிட்டனர். நம் பாசிகளின் அகர் வகைகளை ஃபிரான்செஸ்கா திவி ஆராய்ந்து 1951இல் எழுதினார்.

நம் கடலில் அகர் தரும் பாசிகள் முக்கியமாக இரண்டு. மரிக்கொழுந்துப் பாசியின் அகர் நன்றாக இறுகும். ஆனால் அது மெதுவாக வளர்வது. கஞ்சிப்பாசியோ எளிதில் வளரும்; கரையோர மக்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்ததால் அப்பெயர் பெற்றது. ஆனால் அதன் களி தளதளவென்று உடையும். காரணம் என்ன?

இரண்டு சங்கிலிகள் கயிற்றுப் புரிபோல ஒன்றையொன்று முறுக்கிக் கொண்டால்தான் வலை உண்டாகும். வலை உண்டானால்தான் நீர் அதனுள் சிறைப்படும். கஞ்சிப்பாசியின் சங்கிலியில் சில காலக்டோஸ் கண்ணிகளின் ஆறாம் கார்பன் அணுவில் சல்பேட்டுத் தொகுதி ஒட்டியிருக்கிறது. அவ்விடங்களில் சங்கிலி கோணி நிற்பதால் புரி ஏறுவதில்லை.

இதற்கு வழி ஜப்பானிலேயே பிறந்தது. 1951இல் ஃபுனாகி, கோஜிமா ஆகியோர் இவ்வினப் பாசியைக் காரத்தில் பதப்படுத்தும் முறையை வெளியிட்டனர். பாசியை எரிசோடாக் கரைசலில் இட்டு ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கவேண்டும். சல்பேட்டு கழன்று கரைசலில் சேர்ந்துவிடும். அது இருந்த இடத்துக்கும் மூன்றாம் கார்பனுக்கும் இடையே ஓர் ஆக்சிஜன் பாலம் அமையும். கோணல் நிமிரும், புரி ஏறும். பிறகு பாசியைக் கழுவி, எஞ்சிய காரத்தை நீர்த்த அமிலத்தால் நீக்கி, வழக்கம்போல் காய்ச்சி வடிக்கலாம். களியின் உறுதி பல இனங்களில் சில மடங்கு உயர்கிறது. ஆனால் பக்குவம் தவறக்கூடாது. காரம் குறைந்தால் வினை முடியாது. மிகுந்தால் அகரே கரைந்து வீணாகும்.

வியப்பு இனிமேல்தான். 1961இல் பிரிட்டிஷ் வேதியியலார் ரீஸ், இன்னொரு சிவப்புப் பாசியில் இதே வேலையைச் செய்யும் ஒரு நொதியைக் கண்டார். பாசியே தன் உடலில் சல்பேட்டைக் கழற்றிப் பாலம் கட்டுகிறது! ஆகவே எரிசோடா புதிதாக எதையும் புகுத்தவில்லை. பாசி பாதியில் விட்ட வேலையை முடித்துவைக்கிறது.

மதிப்பற்றது எனப்பட்ட பாசிக்கு இவ்வாறு விலை வந்தது. 1966 முதல் மன்னார் வளைகுடாவில் வணிகத்துக்காகப் பாசி எடுக்கலாயினர்; மதுரையை ஒட்டி அகர் ஆலைகள் எழுந்தன. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறித்தவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள். தொடர்ந்து பறித்ததால் பல இடங்களில் பாசிப்படுகைகள் மெலிந்தன. 1986இல் அங்குள்ள தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அவற்றைச் சுற்றிப் பாசி எடுப்பது தடைக்குள்ளாகி, அப்பெண்களின் பிழைப்பும் இக்கட்டில் மாட்டியது.

பலமற்ற களியை உறுதியாக்க வேதியியலால் முடிந்தது. பறித்த பாசியை மீண்டும் முளைக்கச் செய்ய அதனால் முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும். கஞ்சிப்பாசியின் நுனிகளைத் தென்னங்கயிற்றின் புரிகளில் செருகிக் கடலிலேயே வளர்க்கலாம் என்று மண்டபம் பகுதி ஆய்வாளர்கள் 1970களிலேயே செய்துகாட்டினர். கருவடிக்குப்பத்துக் கடையில் அடுத்த முறை அந்த வெள்ளை இழையை வாங்கும்போது, அதற்குப் பின்னால் ஆலையின் எரிசோடா மட்டுமன்றி, மூச்சடக்கிய ஒரு பெண்ணின் உழைப்பும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.